கணக்கில் எழுதாத செலவுகள்: குடும்பத்தோடு நீண்ட பயணம் போவோருக்கு

பாடசாலை விடுமுறை நெருங்கினால் திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், குச்சவெளி, புல்மோட்டைப் பக்கங்களிலும் பயணப் பேச்சு தொடங்கிவிடும். ஒரு குடும்பம் உம்ராவுக்கு ஆயத்தமாகும். இன்னொரு குடும்பம் துபாயிலோ கட்டாரிலோ தொழில் செய்யும் மகனிடம் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வரப் புறப்படும். உம்மாவின் சத்திரசிகிச்சைக்காகச் சென்னைக்குப் போகும் குடும்பமும் உண்டு. முன்பெல்லாம் வாப்பா மட்டும் வெளிநாடு போவார், குடும்பம் ஊரில் இருக்கும். இன்று மூத்தம்மா முதல் கைக்குழந்தை வரை ஒன்றாகப் போகிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் ஒருவர் தனியே போகும்போது வரும் தடங்கலும் ஐந்து பேர் போகும்போது வரும் தடங்கலும் செலவில் ஒன்றல்ல. ஒருவர் விமான நிலைய நாற்காலியில் இரவைக் கழித்துவிடுவார். நீரிழிவு நோயுள்ள உம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அப்படிக் கழிக்க வைக்க முடியாது.

பயணத்தின் மூன்றாவது கிழமையில் ஊருக்கு வரும் தொலைபேசி அழைப்பு அநேகமாக ஒரே மாதிரியாக இருக்கும். "அவசரமா ஒரு இலட்சம் போடுங்க காக்கா, வந்ததும் தாறன்." அந்த ஒரு இலட்சம் எங்கிருந்து வருகிறது? ராத்தாவின் காப்பு அடகுக்குப் போகிறது. அல்லது கடையில் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் கரைகிறது. வாழ்நாளெல்லாம் வட்டிக்கு ஒதுங்கி இருந்தவர்கள், உம்ராவை முடித்துக்கொண்டு வட்டிக் கடனோடு வீடு திரும்புகிறார்கள். இது எப்போதோ ஒரு முறை நடக்கும் சங்கதியல்ல. நம் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வெளியில் பேசாத விடயம்.

இதைத் தவிர்க்க வழி உண்டா? ஓரளவுக்கு உண்டு. அதற்கு முதலில் ஒரு கணக்கைச் சரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

எழுதாத செலவும் எதிர்பாராத செலவும்

எதிர்பாராத செலவு என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை எதிர்பாராதவை அல்ல. எதிர்பார்த்தும் எழுதாதவை. கட்டுநாயக்கவுக்கு நம் ஊரிலிருந்து சுமார் 250 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஆறேழு மணித்தியாலம் ஓட வேண்டும். பயணம் போகிறவர்களுக்கு ஒரு வேன் என்றால், வழியனுப்ப வருகிறவர்களுக்கு இன்னொரு வேன். போகும்போது ஒருதரம், திரும்பும்போது ஒருதரம். வழியில் எல்லோருக்கும் சாப்பாடு. இது புறப்படும் முன்பே நிச்சயமாகத் தெரிந்த செலவு. ஆனால் எத்தனை குடும்பங்களின் பட்ஜட்டில் இது எழுதப்பட்டிருக்கிறது? டிக்கட், விசா, ஹோட்டல் என்று மூன்று வரி எழுதி, கீழே கோடு போட்டுக் கூட்டிவிடுகிறோம்.

உம்ரா முகவரின் பொதியிலும் இதே கதைதான். எத்தனை வேளைச் சாப்பாடு? தங்குமிடத்திலிருந்து ஹரத்துக்கு நடக்கும் தூரமா, வாகனம் பிடிக்கும் தூரமா? ஸியாரத் பயணங்கள் சேர்ந்ததா, சேராததா? ஓர் அறையில் எத்தனை பேர்? ரமழான் கடைசிப் பத்தில் அறை வாடகை எவ்வளவு ஏறும்? இவற்றை வாய்மொழியாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவதில் பயனில்லை. முகவரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். சேராதவை எவை என்று ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்டாலே பல முகவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சாமான். பேரீச்சம்பழம், முஸல்லா, தஸ்பீஹ், அத்தர், அபாயா, பிள்ளைகளுக்குச் சொக்லட், மாமிக்கு ஒரு போர்வை, பக்கத்து வீட்டுக்கு ஒரு பெட்டி. ஊர்வழக்கத்தைக் குறை சொல்ல வரவில்லை, வெறுங்கையோடு வந்து இறங்க எவருக்கும் மனம் வராது. ஆனால் யார் யாருக்கு என்ன என்ற பட்டியலைப் புறப்படும் முன்பு வீட்டில் இருந்து எழுதினால் அது ஒரு தொகை. மதீனாக் கடைத்தெருவில் நின்று எழுதினால் அது வேறு தொகை. இதன் பின்னால் மேலதிக நிறைக்கான கட்டணமும் வருகிறது. அநேக விமான நிறுவனங்களில் மேலதிக நிறையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் ஒரு விலை, விமான நிலையக் கவுண்டரில் கேட்டால் அதைவிடக் கூடிய விலை. ஸம்ஸம் நீரைப் போத்தலில் அடைத்து சூட்கேசுக்குள் வைப்பதற்கு அனுமதி இல்லை. விமான நிலையத்தில் விற்கப்படும் ஐந்து லீற்றர் பெட்டியாகத்தான் கொண்டுவர வேண்டும். கடைசி நேரத்தில் சூட்கேசைத் திறந்து போத்தலை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் காட்சியை ஜித்தாவில் கண்டவர்கள் பலர்.

இவற்றையெல்லாம் பட்ஜட்டில் எழுதி முடித்த பின்பு மிஞ்சுபவைதான் உண்மையாகவே எதிர்பாராதவை. நோய், தாமதம், களவு அல்லது தொலைவு, நாணய மாற்று வீதம். இவற்றுக்கென ஒரு தனித்தொகை வேண்டும். அதை அவசரப் பணம் என்று அழைப்போம். நடைமுறையில் நடப்பது என்னவென்றால், பலர் இந்தப் பணத்தை எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால் இரண்டாவது கிழமையில் அது கடைத்தெருவில் கரைந்துவிடுகிறது. "ஒன்றும் நடக்கவில்லையே, இனி என்ன நடக்கப்போகிறது" என்ற எண்ணம் வரும் நேரம் அதுதான். ஆகவே அது வேறு பையில், வேறு ஆளிடம் இருக்க வேண்டும். கடைக்குப் போகிறவரின் கையில் இருக்கக் கூடாது. வீட்டில் யார் கைகாரர் என்று உங்களுக்கே தெரியும். அவரிடம் கொடுத்து வையுங்கள். பெரும்பாலும் அது உம்மாவாகத்தான் இருக்கும்.

எவ்வளவு வைப்பது?

மொத்தச் செலவில் நூற்றுக்குப் பத்து என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் திருப்தி இல்லை. மலிவான பயணத்தில் வரும் நோய் மலிவானதாக இருப்பதில்லை. நான் சொல்லும் முறை வேறு: முழுக் குடும்பமும் திரும்ப முடியாமல் இன்னும் பத்து நாள் தங்க நேர்ந்தால் என்ன செலவு, அதோடு நோயாளி ஒருவரும் துணைக்கு ஒருவரும் அவசரமாகத் திரும்புவதற்கு ஒருவழி டிக்கட் இரண்டு என்ன விலை. இந்த இரண்டையும் கூட்டுங்கள்.

உதாரணத்துக்கு அறை நாளொன்றுக்கு 200 ரியால், சாப்பாடு 150 ரியால் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளுக்கு 3,500 ரியால். ஒருவழி டிக்கட் ஒன்று 1,500 ரியால் என்றால் இரண்டுக்கு 3,000. மொத்தம் 6,500 ரியால். அமெரிக்க டொலரில் சுமார் 1,730. டொலர் 300 ரூபா என்று போட்டால் ஐந்து இலட்சத்து இருபதாயிரத்துக்குக் கிட்ட வருகிறது. உங்கள் பயணத்துக்கான உண்மையான விலைகளைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

தொகையைக் கண்டதும் தலை சுற்றும். அப்படியானால் பயணத்தைக் குறுக்குங்கள், அவசரப் பணத்தைக் குறுக்காதீர்கள். முப்பத்தைந்து நாளை இருபது நாளாக்கலாம். ஐந்து பேரில் சின்னப் பிள்ளைகளை உம்மம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று பேர் போகலாம். ஹஜ் கடமையாவதற்கே, போய்வரும் செலவோடு வீட்டில் விட்டுச் செல்பவர்களின் செலவுக்கும் வசதி இருக்க வேண்டும் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். உம்ராவுக்கும் மகனைப் பார்க்கப் போவதற்கும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில் தவறில்லை. கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் கடனெல்லாம் தீர்த்து, கஃபன் துணியையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் நம் முன்னோர் புறப்பட்டார்கள். அவர்கள் நம்மை விட நிதானமாகத் திட்டமிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரூபாவில் சேர்த்தவர்களுக்கு நடந்தது

2021ஆம் ஆண்டு இறுதியில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. அப்போது 2,000 டொலர் அவசரப் பணம் வேண்டும் என்று ஒருவர் நான்கு இலட்சம் ரூபாவைச் சேர்த்து வங்கியில் போட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி நாணய மாற்று வீதத்தைத் தளர்த்தியது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அதே நான்கு இலட்சத்துக்கு அந்த ஆண்டு இறுதியில் கிடைத்திருக்கக்கூடியது 1,100 டொலர் அளவுதான். பணத்தை யாரும் திருடவில்லை. அவர் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. ஆனாலும் பாதிக்குக் கிட்ட இல்லாமல் போனது. அந்த வருடம் இலங்கைக்கு 1,585 ஹஜ் இடங்கள் கிடைத்திருந்தும், நாட்டின் டொலர் நெருக்கடி காரணமாகப் பயணிகளை அனுப்புவதில்லை என்று முகவர்கள் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது.

வளைகுடாப் பயணத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சவூதி ரியால் டொலருக்கு 3.75 என்றும், அமீரக திர்ஹம் 3.6725 என்றும் பல பத்தாண்டுகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கையில் டொலர் இருந்தால் ரியாலோ திர்ஹமோ இருப்பது போலத்தான். 53 ரூபாவாக இருந்த ரியால் 2022 இல் 97 ரூபா அளவுக்குப் போனது ரியாலின் விலை ஏறியதால் அல்ல, நம் ரூபா இறங்கியதால். இந்திய ரூபா அப்படிக் கட்டப்பட்டதல்ல, அது தன்பாட்டில் ஏறி இறங்கும்.

பிள்ளை வெளிநாட்டில் உழைக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இது. அவசரப் பணத்தை அவர் ஊருக்கு அனுப்பி, நீங்கள் ரூபாவாக மாற்றி, பிறகு பயணத்துக்கு மறுபடி ரியால் வாங்குவது இரண்டு முறை நட்டம். பயணம் தீர்மானமானதும் மாதாமாதம் அனுப்புவதில் ஒரு பகுதியை அங்கேயே, அவர் கணக்கிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். அல்லது இங்கே வங்கியில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து அதற்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்படி ஒருவரும் இல்லாதவர்கள் விசாவும் டிக்கட்டும் கையில் கிடைத்தவுடன் அவற்றைக் காட்டி வங்கியிலோ அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ வாங்கிவிட வேண்டும், புறப்படும் அன்று விமான நிலையத்தில் அல்ல. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். டொலர் நோட்டுகளை வீட்டில் ஆண்டுக்கணக்கில் குவித்து வைக்கும் யோசனையும் வேண்டாம். ஒருவர் கையில் வைத்திருக்கக்கூடிய வெளிநாட்டு நாணயத்தின் எல்லையை 2022 ஜூன் மாதத்தில் அரசு 15,000 டொலரிலிருந்து 10,000 டொலராகக் குறைத்தது. உண்டியல்காரரிடம் கொடுத்து வைப்பதும் ஆபத்து. பணம் வராவிட்டால் முறையிட ஓர் இடமும் இல்லை.

பணம் இருந்தும் எடுக்க முடியாமல்

வெளிநாட்டில் பணமில்லாமல் தவிப்பவர்களைப் போலவே, பணம் இருந்தும் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் மிகச் சிறியது. வங்கியின் கைத்தொலைபேசிச் செயலியில் பணம் அனுப்ப முயன்றால் இரகசிய இலக்கம் இலங்கை சிம்முக்குத்தான் வரும். அந்த சிம்மை வீட்டு மேசை லாச்சியில் வைத்துவிட்டு, ஜித்தாவில் புது சிம் போட்டுக்கொண்டு நிற்பார் நம்மவர். புறப்படும் முன்பு அந்த இலக்கத்துக்கு ரோமிங் வசதியை எடுத்து, பழைய போன் ஒன்றில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள். இந்த நாட்டில் இத்தனை நாள் இருப்பேன் என்று வங்கிக்கும் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காவிட்டால், வழக்கத்துக்கு மாறான பாவனை என்று சொல்லி அட்டையை முடக்கிவிடக்கூடும்.

அட்டை எல்லாம் கணவரின் பெயரில், இரகசிய இலக்கம் அவர் மனதில் மட்டும் என்பது நம் குடும்பங்களில் சர்வசாதாரணம். அவரே மயங்கி விழுந்து வைத்தியசாலையில் இருந்தால்? மனைவியின் பெயரில் ஓர் அட்டையும் வேறு வங்கிக் கணக்கொன்றும் இருப்பது ஆடம்பரமல்ல. அட்டைகளை ஒரே பேர்சில் வைக்க வேண்டாம். தவாப் நெரிசலில் பேர்ஸ் போனால் எல்லாம் போய்விடும்.

கடையில் அட்டையைக் கொடுக்கும்போது இயந்திரம் சில வேளை, இலங்கை ரூபாவில் கழிக்கவா அந்நாட்டு நாணயத்தில் கழிக்கவா என்று கேட்கும். ரூபா என்றால் நமக்கு விளங்கும் என்று ரூபாவை அழுத்திவிடுகிறோம். அப்படிச் செய்தால் கடைக்காரர் பக்கத்து வீதத்தில் கழிக்கப்படும், அது அநேகமாக நமக்கு நட்டமான வீதம். அந்நாட்டு நாணயத்தையே அழுத்துங்கள். கடன் அட்டையால் இயந்திரத்தில் காசு எடுப்பது எல்லாவற்றிலும் மோசமானது, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். 2022 நெருக்கடியில் பல வங்கிகள் அட்டைகளின் வெளிநாட்டுப் பாவனை எல்லையைத் திடீரென்று குறைத்ததையும் மறக்க வேண்டாம். அட்டையை மட்டும் நம்பிப் போனவர்கள் அப்போது நடுவழியில் நின்றார்கள்.

விமானம் பறக்காத நாள்

2020 பெப்ரவரி 27ஆம் திகதி சவூதி அரசு உம்ராப் பயணிகளின் வருகையை ஒரே இரவில் நிறுத்தியது. அடுத்த மாதம் கட்டுநாயக்கவும் வரும் பயணிகளுக்கு மூடப்பட்டது. 2024 ஏப்ரல் 16 இல் துபாயில் பெய்த பெருமழை விமான நிலையத்தையே முடக்கியது. 2025 ஜூன் 23 இரவு கட்டாரின் வான்பரப்பு மூடப்பட்டு டோஹா வழியாகப் போய்வருபவர்கள் ஆங்காங்கே சிக்கினார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நம் பக்கத்தையே தாக்கியது. வீதிகள் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டன, ரயில் ஓடவில்லை. விமானம் இருந்தாலும் இங்கிருந்து கட்டுநாயக்கவுக்குப் போக முடியாத நிலை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன்பு துறையடியில் பாதைக்குக் காத்துநின்ற தலைமுறைக்கு இந்தப் பயம் இருந்தது. பயணத்துக்கு முதல் நாளே நகருக்கு வந்து தங்குவார்கள். பாலம் வந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. மழைக்காலத்தில் விமான நேரத்துக்கு ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டு நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கும் செலவு, ஐந்து டிக்கட் வீணாவதை விட மிகக் குறைவு. முதல் விமானத்தைத் தவறவிட்டால் அதே டிக்கட்டில் உள்ள திரும்பும் பயணத்தையும் அநேக நிறுவனங்கள் இரத்துச் செய்துவிடும்.

மலிவு டிக்கட்டில் ஒரு பொறி இருக்கிறது. கொழும்பிலிருந்து ஓரிடம் வரை ஒரு நிறுவனத்தில், அங்கிருந்து ஜித்தாவுக்கு வேறொரு நிறுவனத்தில் என்று தனித்தனி டிக்கட்டாக வாங்கினால் சில ஆயிரம் மிஞ்சும். முதல் விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தி இரண்டாவது விமானம் போய்விட்டால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஐந்து பேருக்கும் புதிய டிக்கட்தான். ஒரே பதிவில் முழுப் பயணமும் இருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. குடும்பமாகப் போகிறவர்கள் இந்த மிச்சத்தைப் பிடிக்கப் போக வேண்டாம்.

விசா முடியும் நாளன்று திரும்பும் டிக்கட் போடுவதும் அப்படித்தான். அமீரகத்தில் விசாக் காலம் கடந்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். ஐந்து பேர் பத்து நாள் என்றால் 2,500 திர்ஹம். சவூதியில் தண்டனை இதைவிடக் கடுமையானது, சிறை வரைக்கும் போகலாம். விசா முடிவதற்கும் திரும்பும் திகதிக்கும் இடையில் குறைந்தது ஒரு கிழமை இடைவெளி விடுங்கள். விமானம் பறக்காமல் சிக்கினால் வாளாவிருக்காமல் விசா நீடிப்புக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும், விமான நிறுவனத்திடம் இரத்தானதற்கான கடிதமும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நோய்

உம்ரா விசாவோடு மருத்துவக் காப்புறுதியும் சேர்ந்தே வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. விசாக் கட்டணத்தில் அதற்கான பணத்தையும் நாம் கட்டித்தான் இருக்கிறோம். ஓர் இலட்சம் ரியால் வரையான அவசர சிகிச்சை, வைத்தியசாலையில் தங்குதல், மரணம் நேர்ந்தால் ஜனாஸாவைத் தாயகம் அனுப்பும் செலவு போன்றவை அதில் அடங்கும். ஆனால் தெருமுனை மருந்தகத்துக்கும் தனியார் கிளினிக்குக்கும் ஓடிப்போய்க் கைக்காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். காப்புறுதி இலக்கமுள்ள தாளைப் படியெடுத்து ஒவ்வொருவரின் கழுத்து அடையாள அட்டையோடும் வையுங்கள். இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த தொழிலாளிக்குரிய காப்புறுதி அவருக்குத்தான், அவரைப் பார்க்கப் போகும் மனைவி பிள்ளைகளுக்கல்ல.

மற்ற நாடுகளுக்குப் போவோர் பயணக் காப்புறுதி எடுக்கலாம். தகாபுல் முறையிலும் இலங்கையில் இது கிடைக்கிறது. எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இது செல்லுமா? நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களுக்குப் பல திட்டங்களில் செல்லாது. அதை மறைத்து எடுத்தால் பணம் கட்டியும் பயனில்லை. வைத்தியசாலையில் சேரும் முன்போ, சேர்ந்த உடனோ உதவி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அநேகமாக இருக்கும். மருந்துகளை, பயண நாட்களுக்கும் மேலதிகமாக இரண்டு கிழமைக்கு, வைத்தியரின் சிட்டையோடு கைப்பையில் வையுங்கள். சூட்கேசில் வைத்தால் சூட்கேஸ் பிந்தும் நாளில் மருந்தும் பிந்தும்.

சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களின் நிலை வேறு. அங்கே நோய் எதிர்பார்த்தது, கட்டணப் பட்டியல்தான் எதிர்பாராதது. வைத்தியசாலை சொல்லும் மதிப்பீடு அநேகமாக எல்லாம் நல்லபடி நடந்தால் வரும் தொகை. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மேலும் இரண்டு நாள், ஏற்றிய இரத்தம், மேலதிக ஸ்கான் எல்லாம் தனிக்கணக்கு. சிக்கல் வந்தால் நாளொன்றுக்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சத்திரசிகிச்சை முடிந்தாலும் மீள்பரிசோதனைக்காக அறை எடுத்துத் தங்கும் கிழமைகளின் வாடகையையும், துணைக்கு நிற்பவர்களின் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் சில வேளை அதுவே பெரிய தொகையாக நிற்கும். துணைக்கு நான்கு பேர் போகாமல் இரண்டு பேர் போவது நோயாளிக்கும் நல்லது, பைக்கும் நல்லது. மருத்துவ விசாவில் துணைக்கு இரண்டு பேருக்குத்தான் விசா கொடுப்பார்கள்.

ஊரில் விட்டுவந்த கடை

நகரின் கடைத்தெருவிலும் துறைமுகத்தைச் சுற்றியும் வியாபாரம் செய்வோர் ஒரு செலவை முற்றாக மறந்துவிடுகிறார்கள். சரக்கு எடுத்த நிறுவனத்துக்குக் கொடுத்த பிற்திகதியிட்ட காசோலைகள். முதலாளி மக்காவில் இருக்கும்போது காசோலைத் திகதி வருகிறது, கணக்கில் பணமில்லை, காசோலை திரும்புகிறது. வங்கிக் கட்டணத்தோடு பெயரும் கெடுகிறது. அடுத்த முறை கடனுக்குச் சரக்குத் தரமாட்டார்கள். பயண நாட்களில் விழும் காசோலைகள், பணியாட்களின் சம்பளம், மின்கட்டணம், பிள்ளைகளின் வகுப்புக் கட்டணம் இவற்றின் தொகையைப் புறப்படும் முன்பே தனியே ஒதுக்கி, பொறுப்பான ஒருவரிடம் கையெழுத்து அதிகாரத்தையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கடை மூடியிருக்கும் நாட்களின் வருமான இழப்பும் பயணச் செலவுதான்.

உடன்பிறந்தோர் சேர்ந்து உம்மாவை அழைத்துப் போகும்போது இன்னொரு சிக்கல் வருவதுண்டு. டிக்கட்டை எல்லோரும் பங்கு போடுகிறார்கள். உம்மா அங்கே நோயுற்றால் வரும் செலவு, கூடப் போன மகனின் தலையில் விழுகிறது. அவர் கேட்கவும் வெட்கப்படுகிறார், மற்றவர்கள் தாமாகக் கொடுப்பதுமில்லை. வருடக்கணக்கில் மனக்கசப்பு. டிக்கட் வாங்கும் நாளிலேயே, மேலதிகச் செலவு வந்தால் இன்ன விகிதத்தில் பங்கு என்று பேசி எழுதிக்கொள்வது நல்லது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது நமக்குப் புதிய பழக்கமல்லவே.

உண்மையில் கையில் ஒன்றுமில்லாமல் சிக்கிவிட்டால்? ஜித்தாவில் நமது துணைத்தூதரகமும் ரியாத்தில் தூதரகமும் சென்னையில் துணை உயர்ஸ்தானிகராலயமும் இருக்கின்றன. கடவுச்சீட்டுத் தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டோடு அங்கே போய்த் தற்காலிகப் பயண ஆவணம் பெறலாம். கடவுச்சீட்டு, விசா, டிக்கட் ஆகியவற்றின் படங்களை ஊரில் உள்ள ஒருவரின் போனுக்கும் அனுப்பி வைத்திருந்தால் இந்த வேலை ஒரு நாளில் முடியும். இல்லாவிட்டால் ஒரு கிழமை, அத்தனை நாளுக்கும் அறை வாடகை. ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் சொத்திருந்தாலும் பயணத்தில் கையறுநிலைக்கு வந்தவர் அதில் அடங்குவார். ஆகவே கூட்டத்தலைவரிடமோ அங்குள்ள நம்மூர்ச் சகோதரர்களிடமோ வெட்கமின்றிச் சொல்லலாம். வட்டிக்குக் கடன் எடுக்கும் முன்பு இதைச் செய்யுங்கள்.

திரும்பி வந்தபின் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது, களைப்பில் அதை விட்டுவிடுகிறோம். சூட்கேஸ் உடைந்தோ பிந்தியோ வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவனத்தின் கவுண்டரில் முறைப்பாட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். வெளியே வேன் காத்து நிற்கிறது, 250 கிலோமீற்றர் போக வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். 1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கையில் இலங்கை, இந்தியா, சவூதி, அமீரகம், கட்டார் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. அதன்படி பொதி சேதமானால் 7 நாளுக்குள்ளும், பிந்தி வந்தால் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். வழக்குக்குக் காலம் இரண்டு வருடம். பொதிக்கான நட்டஈட்டின் உச்ச எல்லை 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டீ.ஆர். அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, டொலரில் 2,000 அளவுக்கு வரும். அவ்வளவும் அப்படியே தருவார்கள் என்று எண்ண வேண்டாம், நிரூபிக்கும் அளவுக்குத்தான் தருவார்கள். பொதி பிந்திய நாட்களில் உடுக்க வாங்கிய உடுப்பின் பற்றுச்சீட்டு, பொதியின் நிறை எழுதிய சிட்டை, போர்டிங் அட்டை மூன்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். காப்புறுதிக் கோரிக்கைக்கும் அதே கவர்தான் தேவைப்படும்.